நண்பர்களோடு ஹைக்கூ ஆட்டம்: பெயரை மறைத்து விளையாடுவது எப்படி

நாங்கள் முதல் தடவை கூடியபோது மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாக ஹைக்கூ வாசித்தோம். ஒருவர் வாசிப்பார், "அருமை", "சூப்பர்" என்று நாலு குரல், கைதட்டல், அடுத்தவர். இரண்டு மணி நேரம் அப்படியே போனது, வீட்டுக்கு வந்து யோசித்தால் யார் எழுதிய எதுவும் நினைவில் இல்லை. அடுத்த தடவை மனசில் பட்டதைச் சொல்லலாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஒரு நண்பருடைய கவிதையைப் பற்றி நான்கு பேர் வரிசையாகக் குறை சொல்ல, அவர் டீ வருவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று வாரம் அவர் எங்களோடு பேசவில்லை, எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான்.

அதற்கு அப்புறம்தான் ஜப்பானில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் கூடி நடத்தும் 'குக்காய்' என்ற முறையைத் தேடிப் படித்து, எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டோம். அதன் உயிர்நாடி ஒன்றுதான்: யார் எழுதியது என்பது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. பெயர் மறைந்தால் கவிதையைப் பற்றி மட்டும் பேசலாம், நட்புக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நாங்கள் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஆட்களும் நாளும்

ஆறு பேரிலிருந்து ஒன்பது பேர் வரை சரியாக இருக்கும். நான்கு பேர் என்றால் யார் எழுதியது என்று இரண்டாவது கவிதையிலேயே தெரிந்துவிடும். பத்துக்கு மேல் போனால் நேரம் கையை விட்டுப் போய்விடும், அதன் கணக்கைக் கீழே சொல்கிறேன். "எனக்கு எழுத வராதுப்பா" என்கிற நண்பரை விட்டுவிடாதீர்கள், கட்டாயம் கூப்பிடுங்கள். பெயர் மறைத்து ஆடுவதில் அதிகம் பயனடைவது அவர்தான்.

வேடிக்கை பார்க்க மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள். எழுதாமல் மார்க் போட மட்டும் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்குத் தேர்வு அறையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். வருகிறவர் எல்லாரும் எழுத வேண்டும், எல்லாரும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு வைத்தால் ஏழு மணிக்குள் எழுந்துவிடலாம். ஒரு வாரம் முன்பே நாளையும் தலைப்பையும் சொல்லிவிடுங்கள்.

2. வாங்க வேண்டியவை, செலவு

எட்டுப் பேருக்கு எங்களுக்கு ஆகும் செலவு இது: ஏ4 தாள் ஒரு இருபது ரூபாய்க்கு, ஒரே நிற மையில் ஐந்து ரூபாய்ப் பேனா பத்து, டீக்கு 120, சுண்டலோ முறுக்கோ 150. மொத்தம் 340 ரூபாய், ஆளுக்கு நாற்பத்துச் சொச்சம். பேனா ஒரு தடவை வாங்கினால் பல மாதம் வரும்.

பேனாவை நீங்களே கொடுங்கள், அவரவர் கொண்டுவரட்டும் என்று விடாதீர்கள். எங்களில் ஒருவர் பச்சை மையில்தான் எழுதுவார். சீட்டைப் பிரித்த உடனே எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம், அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

தாளில் மூன்று வகை தேவை. முதலாவது சீட்டு: ஏ4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் ஒரு தாளுக்கு எட்டுச் சீட்டு, ஒரு சீட்டில் ஒரே ஒரு ஹைக்கூ. ஆளுக்கு மூன்று கவிதை என்றால் எட்டுப் பேருக்கு 24 சீட்டு, அதாவது மூன்று தாள். இரண்டாவது படித்தாள், அதாவது சீட்டில் உள்ளதைப் பார்த்து எழுதும் தாள்: ஆளுக்கு ஒரு முழுத் தாள், எதற்கென்று ஐந்தாம் பகுதியில் வரும். மூன்றாவது தேர்வுத்தாள், பிடித்த கவிதைகளைக் குறித்துக்கொள்ள: ஆளுக்கு ஒரு அரைத் தாள்.

3. தலைப்பு வைப்பது

குக்காயில் தலைப்பு இரண்டு விதம். முன்கூட்டியே சொல்லி வீட்டில் எழுதிக்கொண்டு வருவது ஒன்று, கூடிய இடத்தில் சொல்லி அங்கேயே எழுதுவது மற்றொன்று. இரண்டையும் கலந்து வையுங்கள்: ஆளுக்கு இரண்டு கவிதை வீட்டிலிருந்து, ஒன்று அந்த இடத்தில். எல்லாவற்றையும் அங்கேயே எழுதச் சொன்னால் புதியவர் திணறிப்போவார், எல்லாவற்றையும் வீட்டிலேயே எழுதிவிட்டால் விளையாட்டின் சூடே இருக்காது.

'காதல்', 'வாழ்க்கை', 'தனிமை' மாதிரித் தலைப்பு வேண்டவே வேண்டாம், எட்டுப் பேரும் ஒரே கவிதையை எழுதிக்கொண்டு வருவார்கள். ஜப்பானிய ஹைக்கூவில் 'கிகோ' என்று பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வரும். நாங்களும் அப்படிக் கையால் தொடக்கூடிய, மூக்கில் ஏறக்கூடிய பொருளாகத்தான் வைக்கிறோம்: நுங்கு, வேப்பம்பூ, ஈசல், தாழப் பறக்கும் தட்டான், மார்கழிக் கோலம், ஐப்பசி அடைமழையில் காயாத துணி. அந்த இடத்தில் கொடுக்கும் தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது.

4. எழுதும்போது

இங்கேதான் முதல் சண்டை வரும்: ஜப்பானிய ஹைக்கூ மாதிரி மூன்று வரிக்கும் ஐந்து, ஏழு, ஐந்து என்று ஒலி அலகை எண்ண வேண்டுமா?

ஜப்பானிய மொழியில் எண்ணுகிற ஒலி அலகு வேறு, நம் மொழியில் வேறு. 'நிலா' எழுத்தாக எண்ணினால் இரண்டு, யாப்புப்படி நிரை என்ற ஒரே அசை. 'அம்மா' எழுத்தாக மூன்று, அசையாக இரண்டு. எதை எண்ணுவது என்று எங்கள் செட்டில் ஒரு முழு மாலை வாதாடினோம், ஒரு வரி கூட எழுதவில்லை. கடைசியில் ஒரு விதி வைத்தோம்: மூன்று வரி, ஒரு வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் கூடாது, மொத்தம் பத்துச் சொல்லுக்குள். நீங்கள் அசை எண்ணித்தான் ஆடுவோம் என்றாலும் சரி, ஆனால் அதைக் கூடுவதற்கு முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதியவருக்கு விளக்க நான் இரண்டு கவிதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இது ஒன்று:

அம்மாவின் அன்பு
ஆகாயம் போன்றது
அளவே இல்லை

இது இன்னொன்று, எங்கள் ஆட்டத்தில் வந்தது:

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்
ஃபிரிட்ஜில் கிழமை எழுதி
குழம்பு டப்பாக்கள்

முதலாவதில் அன்பு என்று சொல்லியும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் அந்தச் சொல்லே கிடையாது, ஆனால் டப்பா மூடியில் ஒட்டிய 'செவ்வாய்' என்ற எழுத்து வரைக்கும் எனக்குத் தெரிகிறது. பார்த்ததை எழுதச் சொல்லுங்கள், மற்றதை வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

சீட்டில் பெயர் கூடாது, பிள்ளையார் சுழி, கோடு, பூ எதுவும் கூடாது. எழுத இருபது நிமிடம் போதும்.

5. கலைத்து, படி எடுப்பது

இந்தப் படியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள், நாங்கள் விட்டோம். சீட்டுகளை அப்படியே சுற்றுக்கு விட்டதும் கையெழுத்தை வைத்தே பாதி பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து படித்தவர்களுக்குள் கையெழுத்து தெரியாமல் இருக்குமா?

செய்ய வேண்டியது இதுதான். எல்லாச் சீட்டையும் ஒரு பையில் போட்டுக் கலையுங்கள். ஆளுக்கு மூன்று எடுக்கட்டும். தன் கைக்கு வந்த மூன்றையும் அவரவர் தன் கையெழுத்தில் படித்தாளில் எழுத வேண்டும். தாளுக்கு 1 முதல் 8 வரை எண், உள்ளே இருக்கும் கவிதைகளுக்கு அ, ஆ, இ. அப்போது ஒவ்வொரு கவிதைக்கும் '4-ஆ' என்பது போல ஒரு முகவரி கிடைத்துவிடும். சீட்டுகளை உடனே திரும்ப வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

தன் கவிதையே தன் கைக்கு வந்தால் முகத்தில் காட்டாமல் எழுதிவிட வேண்டும். பிறர் கவிதையை எழுதும்போது ஒரு புள்ளியைக் கூடத் திருத்தக் கூடாது. பிழை இருந்தால் பிழையோடு எழுதுங்கள். ஒருவர் நல்லெண்ணத்தில் 'காய்கிற' என்பதை 'காய்ந்த' என்று மாற்ற, அந்த ஹைக்கூ தலைகீழாகப் போனது. எழுத்து புரியவில்லை என்றால் "இது யாருது?" என்று கேட்கக் கூடாது, நடத்துகிறவர் காதில் மட்டும் கேளுங்கள், அவர் ஊகித்துச் சொல்லட்டும்.

6. தேர்ந்தெடுப்பது

படித்தாள்கள் ஒரே திசையில் சுற்றி வரும், ஒரு தாளுக்கு மூன்று நிமிடம். பிடித்ததன் முகவரியையும் கவிதையையும் தேர்வுத்தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். சுற்று முடிந்ததும் அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒன்றுக்குச் சிறப்புக் குறி. சிறப்புக்கு இரண்டு புள்ளி, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. தன்னுடையதைத் தானே எடுக்கக் கூடாது, குக்காயிலும் இதுதான் வழக்கம்.

சுற்று நடக்கும்போது யாரும் பேச வேண்டாம். "இது நம்ம ஆளு ஸ்டைல்" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், அடுத்தவர் கவிதையை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

7. வாசிப்பதும் பெயர் சொல்வதும்

ஒவ்வொருவரும் தான் தேர்ந்தெடுத்த மூன்றையும் வாசிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, நிதானமாக. நடத்துகிறவர் புள்ளி போட்டுக்கொண்டே வரட்டும். ஜப்பானிய வழக்கத்தில் கவிதை வாசிக்கப்பட்ட உடனே எழுதியவர் தன் பெயரைச் சொல்வதுண்டு. நாங்கள் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறோம்: முதலில் புள்ளி, அப்புறம் பேச்சு, கடைசியில் பெயர்.

பேச்சு நடக்கும்போது உங்கள் கவிதையைப் பற்றி நீங்களும் பேசித்தான் ஆக வேண்டும், யாரோ எழுதியது போல. மூன்றாவது வரி தேவையே இல்லை என்று எதிரே இருப்பவர் சொல்லும்போது அதை அப்படிக் கேட்டுப் பாருங்கள். கோபம் வராது. ஆமாம், தேவையில்லைதான் என்று தோன்றும். முன்பு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய நண்பர் இந்த முறையில் ஆடும்போது தன் ஹைக்கூவைத் தானே பிரித்து மேய்ந்தார், பெயர் வெளியே வந்ததும் எல்லாரும் அசந்துபோனோம்.

அந்தக் குழம்பு டப்பா ஹைக்கூவை எட்டில் ஐந்து பேர் எடுத்திருந்தோம், அதில் இரண்டு சிறப்பு, மொத்தம் ஏழு புள்ளி. வழக்கமாக நன்றாக எழுதும் தோழியைத்தான் எல்லாரும் பார்த்தோம், அவள் தலையாட்டிவிட்டாள். மூலையிலிருந்து "என்னுது" என்று ஒரு குரல், காதில் சரியாக விழாமல் மறுபடி கேட்டோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதியிருந்த, காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு நண்பரின் தம்பி. பெயர் போட்டு வாசித்திருந்தால் "பரவாயில்லை தம்பி, தொடர்ந்து எழுது" என்று தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கவிதைக்குப் போயிருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு விதியை மறக்காதீர்கள். ஒரு புள்ளியும் விழாத கவிதையை எழுதியவர் யார் என்று கேட்கக் கூடாது. அவரே சொன்னால் சரி, இல்லையென்றால் அது அவரோடு இருக்கட்டும்.

8. நேரக் கணக்கு

எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று கவிதை: உட்கார 10 நிமிடம், எழுத 20, படி எடுக்க 10, சுற்றுக்கு 25, தேர்வுக்கு 10, வாசிக்க 20, பேச 45. மொத்தம் 140 நிமிடம். இதையே பதினான்கு பேரோடு செய்து பார்த்தோம். 42 கவிதை, சுற்றுக்கு மட்டுமே 42 நிமிடம், எல்லாம் முடிந்து எழுந்தபோது மணி பத்தரை, பேச வேண்டிய நேரத்தில் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார்கள். ஆள் கூடினால் ஆளுக்கு இரண்டு கவிதை என்று குறையுங்கள், இல்லையென்றால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள்.

டீயைப் படி எடுத்து முடித்த பிறகு கொடுங்கள். அதற்கு முன்னால் கொடுத்தால் சீட்டில் கறை படியும், கறையும் ஒரு அடையாளம்தான்.

9. சூடேற்றச் சின்ன ஆட்டங்கள்

எல்லாரும் வந்து சேரும் வரைக்கும் இவற்றில் ஒன்றை ஆடலாம், பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

மடிப்பு ஹைக்கூ: ஒருவர் முதல் வரியில் இடமோ காலமோ எழுதி மடித்துக் கொடுப்பார், அடுத்தவர் பார்க்காமல் ஒரு செயல், மூன்றாமவர் ஒரு பொருள். பிரித்தால் "பங்குனி மத்தியானம் / மெல்லத் தலை துவட்டுகிறது / பல்லாங்குழி" என்று ஏதாவது வந்து நிற்கும். சிரித்து முடித்த பிறகு யாராவது ஒருவர் அதில் உண்மையிலேயே ஒரு கவிதையைக் கண்டுபிடிப்பார்.

உதடு ஒட்டாத ஹைக்கூ: ப, ம, வ மூன்றும் எங்கேயும் வரக்கூடாது. இதழகல் என்று பழைய இலக்கணத்திலேயே இதற்குப் பெயர் உண்டு. குறளில் 341-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டவே ஒட்டாது. எங்களுக்குக் கிடைத்தது:

அலை ஓய்ந்த கரை
காத்துக் கிடக்கிறான்
சுண்டல்காரன்

எழுதியவர் வாசிக்கும்போது ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒட்டினால் அவுட். மழை, அம்மா, பூ, வானம், மனம் எல்லாம் ஒரே அடியாகப் போய்விடுவதால் வழக்கமாக எழுதுகிறவர் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகி, அதுவரை எழுதாத சொல்லைத் தேட ஆரம்பிப்பார். எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டம் இது.

அந்தாதிச் சிலேடை: ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும், ஆனால் பொருள் மாற வேண்டும். மாலை, படி, ஆறு, நகை, விடை, திங்கள் இப்படிப்பட்ட சொல்லில் முடித்துக் கொடுத்தால் அடுத்தவருக்கு வழி கிடைக்கும்.

கோயில் யானை
மெதுவாகத் திரும்புகிறது
மஞ்சள் மாலை

என்று ஒருவர் பொழுதை முடிக்க, அடுத்தவர் பூவை எடுத்தார்:

மாலை ஒன்று
மண்டப வாசல் குப்பையில்
இன்னும் மணக்கிறது

10. சங்கிலி: நாலைந்து தடவை கூடிய பிறகு

ஜப்பானில் 'ரென்கு' என்று சேர்ந்து எழுதும் சங்கிலிக் கவிதை உண்டு, 36 கண்ணி கொண்ட வடிவம் அதில் பேர்போனது. முதல் தடவையே அதற்குப் போகாதீர்கள், 12 கண்ணி போதும், அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று வரி, இரண்டு வரி, மூன்று வரி, இரண்டு வரி என்று மாறி மாறி வரும். இதில் பெயரை மறைக்க முடியாது, அதனால்தான் ஒருவருக்கொருவர் பழகிய பிறகு ஆடச் சொல்கிறேன்.

விதி சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம்: முன் கண்ணியோடு ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தையதை விட்டு விலக வேண்டும். உதாரணம் பார்த்தால் புரியும்.

முதல் தூறல்
பாயோடு சுருட்டப்படுகிறது
பாதி காய்ந்த வடகம்

மாடிப்படியில் ஈரக் கால்தடம்
எண்ணிக்கொண்டே இறங்குகிறது குழந்தை

பஸ் டிக்கெட்
கூட்டினால் ஒன்பது வருகிறதாம்
சிரிக்கிறார் கண்டக்டர்

இரண்டாவது கண்ணி மழையையும் மாடியையும் பிடித்துக்கொண்டது. மூன்றாவது, எண்ணுவதை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டது, வடகமும் மழையும் போயே போய்விட்டன. நான்காவதாக எழுதுகிறவர் கண்டக்டரையோ டிக்கெட்டையோ பிடிக்கலாம், மாடிக்கோ குழந்தைக்கோ திரும்பக் கூடாது. எல்லாரும் விழும் குழி இதுதான், கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவரை நடுவராக வைத்து, பழைய இடத்துக்குத் திரும்பினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கண்ணிக்கு ஐந்து நிமிடம், தாண்டினால் அடுத்தவருக்கு.

11. வாட்ஸ்அப்பில் நடத்துவதென்றால்

வெளியூர் நண்பர்களுக்காக மாதம் ஒரு தடவை இப்படியும் செய்கிறோம். நடத்துகிறவர் அந்த மாதம் எழுதக் கூடாது. வெள்ளி இரவு ஒன்பது மணிக்குள் எல்லாரும் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும், சனிக்கிழமை அவர் எண் போட்டுக் குழுவில் ஒரே பட்டியலாக இடுவார், ஞாயிறு மாலைக்குள் தேர்வு, இரவு எட்டு மணிக்குப் பெயர்.

பல மெசேஜ்களை ஒரே சேர காப்பி செய்தால் அனுப்பியவர் பெயரும் நேரமும் கூடவே வந்துவிடும், ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுங்கள். குழுவில் வாக்கெடுப்பு (poll) வைக்காதீர்கள்: அதில் பன்னிரண்டு விருப்பத்துக்கு மேல் போட இடமில்லை, அதோடு எதற்கு எத்தனை விழுகிறது என்று நடுவிலேயே தெரிந்துவிடுவதால் பின்னால் வருகிறவர்கள் கூட்டத்தோடு போய்விடுவார்கள். தேர்வையும் நடத்துகிறவருக்குத் தனியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

12. முடிந்த பிறகு தாள்களை என்ன செய்வது

படித்தாள்களை ஒன்றாகத் தைத்து, மேல் தாளில் தேதியையும் தலைப்பையும் எழுதி வையுங்கள், அடுத்த தடவை பழைய தலைப்பே மறுபடி வராமல் இருக்க உதவும். ஒட்டிய உறையில் இருக்கும் சீட்டுகளை எழுதியவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அதிகப் புள்ளி வாங்கியதை உடனே படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடத் தோன்றும், எழுதியவரைக் கேட்காமல் போடாதீர்கள். அவர் அதை இன்னும் திருத்திக்கொண்டிருக்கலாம், அல்லது இன்னும் நான்கு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கலாம். குழம்பு டப்பா ஹைக்கூவை இங்கே எழுதுவதற்கு அந்தத் தம்பியிடம் கேட்டேன். "ஃபிரிட்ஜ்னே போடுங்க, குளிர்சாதனப் பெட்டின்னு மாத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னான்.